அனுமதியும் உதவிப்பணமும்



கலைப்பிரிவிற் பயிலும் மாணவரும் அவர்தம் பெற்றோரும் ஆறுதலாக அமர்ந்து சிந்திக்கவேண்டிய ஒரு பொருளை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். சர்வதேச உறவுகள் என்னும் துறையைக் கற்க விரும்பும் மாணவர் ஒருவர், தமக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, படிப்பதற்குப் பொருளுதவி கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பவற்றை எப்படி எடைபோட வேண்டும்? இதுவே என் பேச்சின் பொருள்.

வைத்தியமும் பொறியியலுமே படிப்பென்று கருதி வந்த யாழ்ப்பாணத்தில் இப்படியொரு வினா எழுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயின், எங்கள் அரியாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருபுறம் கடனீரேரி, மறுபுறம் கண்டி வீதி. அவ்வீதியாற் கொழும்புக்கும், கொழும்பிலிருந்து கனடா, லண்டன், பாரிஸ், சூரிச் என்று உலகத்தின் நாலா திசைக்கும் போனவர்களின் உறவினர் வீட்டுக்கு வீடு இருக்கின்றனர். விசா என்றால் என்ன, அகதி என்றால் யார், ஒரு நாட்டின் குடியுரிமை மற்றொரு நாட்டில் எப்படி மதிக்கப்படுகிறது என்பனவெல்லாம் இங்கே புத்தகத்திற் படித்து அறியவேண்டியவை அல்ல; அடுப்படியிற் பேசப்படுபவை. வடபகுதிக் கடற்றொழிலாளியின் வலை அறுபடும்போது, 1974ஆம் ஆண்டிலும் 1976ஆம் ஆண்டிலும் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட கடல் எல்லை உடன்படிக்கைகளைப் பற்றிய பேச்சு அவன் வாசலுக்கே வந்துவிடுகிறது. இத்தகைய மண்ணிற் பிறந்த பிள்ளை, நாடுகள் எவ்வாறு ஒன்றோடொன்று நடந்துகொள்கின்றன என்பதை முறையாகக் கற்க ஆசைப்படுவதில் வியப்பென்ன?

துறையும் நேற்று முளைத்ததன்று. முதலாம் உலக யுத்தத்தில் மாண்ட மாணவர்களின் நினைவாக, வேல்ஸ் நாட்டிலுள்ள அபரிஸ்ற்வித் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1919ஆம் ஆண்டிற் சர்வதேச அரசியலுக்கென ஒரு பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. யுத்தம் ஏன் மூள்கிறது, அதனைத் தடுப்பது எப்படி என்று ஆராய்வதே அதன் நோக்கம். யுத்தத்தின் விலையை எண்ணிப்பார்த்தவர்கள் தொடக்கிய கல்வி இது. அவ்விலையைத் தாமும் கொடுத்த ஒரு மக்கட் கூட்டத்தின் பிள்ளைகளுக்கு அதனிடத்து உரிமை உண்டு.

ஆசை நல்லது. ஆனால் ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் பெற்றோர் என்னிடம் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றுதான்: “பிள்ளைக்கு இடம் கிடைக்குமோ, சேர்?” இடம் கிடைத்தபின் அங்கே இருந்து படிக்கப் பணம் கிடைக்குமோ என்ற இரண்டாவது வினாவைக் கேட்பவர் சிலரே. உண்மையில் இவை இரண்டு வெவ்வேறு வாயில்கள். ஒன்றன் திறப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. முதல் வாயில் திறந்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில் உள்ளே காலெடுத்து வைத்தவர்கள், இரண்டாவது வாயில் பூட்டியிருப்பதைக் கண்டு, காணியை ஈடுவைத்து அதனைத் திறக்க முயல்கிறார்கள். அங்கேதான் துன்பம் தொடங்குகிறது.

முதலில் நம் நாட்டு வாயிலைப் பார்ப்போம்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவரைத் தெரிவுசெய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. 2001ஆம் ஆண்டிலிருந்து இதற்கு அடிப்படையாக விளங்குவது இஸட் புள்ளி. இதனைப் பெற்றோர் பலர் மந்திரம்போல் உச்சரிக்கின்றனரே தவிர, பொருளை அறிந்தவர் குறைவு. பொருள் எளியது. ஒரு பாடத்தில் எல்லோரும் பெற்ற புள்ளிகளின் சராசரி 50 என்றும், புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகல் 10 என்றும் கொள்வோம். அப்பாடத்தில் 70 பெற்றவர் சராசரியிலிருந்து 20 புள்ளிகள் மேலே நிற்கிறார். இருபதைப் பத்தால் வகுக்க, அவருடைய இஸட் புள்ளி 2. வேறொரு பாடத்திற் சராசரி 60, நியம விலகல் 20 என்றால், அங்கே அதே 70 பெற்றவரின் இஸட் புள்ளி அரைதான். புள்ளித்தாளில் இருவரும் 70. தராசிலோ ஒருவர் நான்கு மடங்கு. மூன்று பாடங்களின் இஸட் புள்ளிகளுடைய சராசரியே மாணவரின் இறுதி எண்ணாகும்.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது யாது? எத்தனை புள்ளி எடுத்தோம் என்பதைக் காட்டிலும், யாருடன் ஒப்பிடப்படுகிறோம் என்பது முக்கியம். 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் தோற்றியவர்களை ஒன்றாகக் கலந்து இஸட் புள்ளி கணித்ததனால் நாடெங்கும் பெருங் குழப்பம் விளைந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2012ஆம் ஆண்டில் இரு சாராருக்கும் தனித்தனியே கணிக்கவேண்டி ஏற்பட்டது. கணக்கிற் பிழையில்லாவிடினும் ஒப்பிடும் கூட்டம் பிழைத்தால் விடையும் பிழைக்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

அடுத்து, பெரும்பாலான கற்கைநெறிகளில் இடங்கள் பங்கிடப்படும் முறை. நூற்றுக்கு 40 இடங்கள் வரை நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் வரை மாவட்ட அடிப்படையிலும், 5 இடங்கள் வரை கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. எழுபதுகளில் மொழிவாரித் தரப்படுத்தலும் மாவட்டப் பங்கீடும் வந்தபோது இக்குடாநாட்டு இளைஞர் பட்ட வேதனை வரலாறாகிவிட்டது. அதன் வடு இன்னும் ஆறியதென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் இன்று விண்ணப்பிக்கும் மாணவர் இன்றைய விதியை அறிந்து விண்ணப்பிக்க வேண்டும். தகைமை பெறுவோரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவரே அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைகின்றனர். சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளி ஒரு வழிகாட்டியே அன்றி வாக்குறுதியன்று. ஆண்டுக்கு ஆண்டு அது மாறும். ஆதலால் விருப்ப வரிசையை நிரப்பும்போது, எட்டாத உயரத்தை மேலேயும், எட்டக்கூடியதை நடுவிலும், உறுதியாகக் கிடைக்கக்கூடியதைக் கீழேயும் வைத்தல் அறிவுடைமை. மேலே எழுதுவதற்கு அஞ்சவும் வேண்டாம். கீழே எழுதுவதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

சர்வதேச உறவுகளைப் பொறுத்தவரை இன்னுமொன்று கூறவேண்டும். நம் நாட்டில் இத்துறைக்குப் பெரும்பாலும் கலைப்பீடத்தின் ஊடாகவே செல்கிறோம். கொழும்புப் பல்கலைக்கழகத்திற் சர்வதேச உறவுகளுக்கெனத் தனித்துறை உண்டு. பேராதனையிலும், 1974ஆம் ஆண்டிற் திருநெல்வேலியில் வளாகமாகத் தொடங்கி 1979ஆம் ஆண்டிற் தனிப் பல்கலைக்கழகமான நமது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அரசறிவியல் வழியாக இப்பொருளை அணுகலாம். கலைப்பீடத்துள் நுழைந்தபின், முதலாம் ஆண்டுப் பெறுபேறே சிறப்புக் கற்கைக்குரிய அடுத்த தெரிவைத் தீர்மானிப்பது வழக்கம். எனவே, இடம் கிடைத்ததும் இளைப்பாறலாம் என்று நினைப்பவர் இரண்டாவது தேர்வில் தவறிவிடுவர். இத்துறையின் நூல்கள் மிகப்பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளமையால், உயர்தர வகுப்பிலேயே ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்திக்கொள்ளாத மாணவர் முதலாம் ஆண்டிலேயே திணறுவர்.

இனி நம் நாட்டு வாயிலின் இரண்டாவது பக்கம், உதவிப்பணம். 1945ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாக, அரசாங்கப் பல்கலைக்கழகத்திற் பட்டப்படிப்புக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. இதனை நாம் மறந்துவிடுகிறோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால், அதனைப் புலமைப்பரிசில் என்று பத்திரிகையிற் படம் போடுகிறோம். நம் நாட்டு மக்களின் வரிப்பணத்தில் முழுக் கட்டணமும் தள்ளுபடியாவதைப் பரிசு என்று ஒருவரும் சொல்வதில்லை. அதற்கு மேலும், 1981ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மகாபொல நம்பிக்கை நிதியம், திறமை அடிப்படையிலும் குடும்ப வருமான அடிப்படையிலும் மாதாந்தம் உதவித்தொகை வழங்கி வருகிறது. மகாபொல கிடைக்காதோர்க்குப் பர்சரி என்னும் உதவுதொகை உண்டு. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், மகாபொல உதவித்தொகையை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்த அறிவிக்கப்பட்டது. இத்தொகையில் ஒருவர் கொழும்பில் அறை வாடகையும் உணவும் பஸ் கட்டணமும் கொடுத்து வாழமுடியாது என்பது உண்மை. எஞ்சியதைப் பெற்றோர் ஈடுசெய்ய வேண்டும். ஆயினும், அந்த எஞ்சிய தொகை ஒரு குடும்பம் திட்டமிட்டுத் தாங்கக்கூடிய தொகை. வளவை விற்கவேண்டிய தொகையன்று.

இனி வெளிநாட்டு வாயிலுக்கு வருவோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பல்கலைக்கழகங்கள் வழங்கும் உதவி இரு வகைப்படும். ஒன்று திறமைக்காகத் தரப்படுவது. மற்றது குடும்பத்தின் தேவையைக் கணக்கிட்டுத் தரப்படுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புவதே நம்மவர் செய்யும் முதற் பிழை. ஹாவார்ட், யேல், பிரின்ஸ்ரன் முதலிய மிகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் திறமைக்கெனத் தனிப் பரிசில் தருவதில்லை. அங்கே விண்ணப்பிப்போர் எல்லோரும் திறமையுடையோர் என்பது அவர்களின் நிலை. அவர்கள் தருவது தேவைக்கான உதவி மட்டுமே. வெளிநாட்டு மாணவர் பணம் கேட்பதனால் அவருடைய அனுமதி வாய்ப்பைக் குறைக்கமாட்டோம் என்றும், அனுமதி பெற்றவரின் தேவை முழுவதையும் நிரப்புவோம் என்றும் இவை உறுதி கூறுகின்றன. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் ஹாவார்டில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐவருக்கும் குறைவானோரே இடம்பெறுகின்றனர். இரண்டாவது வாயில் அகலத் திறந்திருக்கிறது. முதல் வாயிலோ ஊசித் துவாரம்.

சர்வதேச உறவுகளுக்குப் பேர்பெற்ற வாஷிங்டன் நகரத்தைப் பாருங்கள். அங்கே ஜோர்ஜ்ரவுண் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுச் சேவைக் கல்லூரி 1919ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. அப்பல்கலைக்கழகத்தின் உதவி பெரும்பாலும் தேவை அடிப்படையிலானது; வெளிநாட்டவர்க்கு அதிலும் மிகச் சிறிதே எட்டும். அதே நகரத்திலுள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகமும் ஜோர்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் திறமைக்கான பரிசில்களை வழங்குகின்றன. அங்கே முதல் வாயில் சற்று அகலம். இரண்டாவது வாயிலோ பாதிதான் திறக்கும்.

அந்தப் பாதி எவ்வளவு என்பதை ஒரு கணக்கினாற் பார்ப்போம். அமெரிக்காவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்திற் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர ஆண்டொன்றுக்கு 80,000 டொலர் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். மாணவருக்குத் திறமைப் பரிசிலாக 25,000 டொலர் வழங்கியிருக்கிறார்கள். வீட்டிற் பெருங் கொண்டாட்டம். ஆனால் எஞ்சுவது 55,000. நான்கு ஆண்டுக்கு 2,20,000 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று பெருக்கினாலும் 6 கோடியே 60 இலட்சம் ரூபா. ஓர் அரசாங்க ஆசிரியர் தம் சேவைக்காலம் முழுவதும் பெறும் சம்பளத்தைக் கூட்டினாலும் இத்தொகையை எட்டாது. இருபத்தையாயிரம் டொலர் பரிசில் பெற்ற பிள்ளை என்ற பேச்சு ஊரில் ஒரு கிழமை நிற்கும். ஈட்டுக் கடன் அதன்பின் இருபது ஆண்டு நிற்கும்.

ஆகவே, பரிசிலின் அளவை ஒருபோதும் தனியே பார்க்காதீர்கள். பரிசில் போக எஞ்சுவது எவ்வளவு என்பதை மட்டும் பாருங்கள். பத்தாயிரம் டொலர் பரிசில் தரும் மலிவான கல்லூரி, முப்பதினாயிரம் தரும் விலைகூடிய கல்லூரியைக் காட்டிலும் பையிலிருந்து குறைவாகவே பறிக்கக்கூடும். பரிசில் நான்கு ஆண்டுக்கும் உண்டா, முதலாண்டுக்கு மட்டுமா, புள்ளி குறைந்தால் நிறுத்தப்படுமா, கட்டணம் ஆண்டுதோறும் உயரும்போது பரிசிலும் உயருமா என்ற நான்கு வினாக்களுக்கும் எழுத்தில் விடை பெறாமல் ஒப்பமிடாதீர்கள். மேலும், மாணவர் விசாவுக்கு முதலாண்டுச் செலவுக்கான பணம் உண்டென்று காட்டவேண்டும். கடன் வாங்கி வங்கியிற் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஆலோசனை கூறுவோரும் உளர். விசாவுக்குக் காட்டிய பணம் அடுத்த மாதமே வேண்டியிருக்கும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

நாணயத்தின் ஆபத்தையும் மறக்கலாகாது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களுள் 360 ரூபாவைத் தாண்டியது. அவ்வாண்டில் வெளிநாட்டிற் பிள்ளையை வைத்திருந்த பெற்றோர், பிள்ளை ஒரு புத்தகமேனும் கூடுதலாக வாங்காமலே, செலவு ஒன்றே முக்கால் மடங்காகியதைக் கண்டனர். ரூபாவிற் சம்பாதித்து டொலரிற் செலவிடும் குடும்பம் எப்போதும் அடுத்தவர் கையிலுள்ள தராசில் நிறுக்கப்படுகிறது.

ஏனைய நாடுகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பிரித்தானியாவில் முதற் பட்டத்துக்கு வெளிநாட்டவர்க்குரிய முழு உதவி அரிது. ஜேர்மனியின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவற்றிற் கற்பித்தற் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கப்பட்ட கணக்கொன்றில் வைப்பிலிட வேண்டும். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அத்தொகை 11,904 யூரோவாக நிர்ணயிக்கப்பட்டது. முதற் பட்ட வகுப்புகள் மிகுதியும் ஜேர்மன் மொழியில் நடப்பன. ஆகவே, அங்கே பணத்துக்குப் பதில் மொழியைக் கட்டணமாகச் செலுத்துகிறோம். அந்தக் கட்டணத்தையாவது உழைப்பினால் ஈட்டலாம் என்பது ஓர் ஆறுதல்.

அண்டை நாடான இந்தியாவை நம்மவர் போதியளவு கவனிப்பதில்லை. இந்திய அரசாங்கம் இலங்கை மாணவர்க்கென நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலை முதற் பட்டத்துக்கும், மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலை முதுநிலைப் பட்டத்துக்கும் வழங்கி வருகிறது. கலைத்துறையினரும் முதலாவதற்கு விண்ணப்பிக்கலாம். புது டில்லியில் 1955ஆம் ஆண்டு தொடங்கிய இந்தியச் சர்வதேசக் கல்வி நிலையம், 1970ஆம் ஆண்டில் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்து, இன்றும் ஆசியாவில் இத்துறையின் பெயர்பெற்ற பள்ளிகளுள் ஒன்றாக விளங்குகிறது. சார்க் நாடுகள் சேர்ந்து நிறுவி 2010ஆம் ஆண்டில் வகுப்புகளைத் தொடங்கிய தென்னாசியப் பல்கலைக்கழகமும் அந்நகரிலேயே உள்ளது. அங்கே சர்வதேச உறவுகளில் முதுகலைப் பட்டம் பெறலாம். இலங்கை, இந்தியா, நேபாளம், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருந்து தங்கள் நாடுகளின் பிணக்குகளைப் பேசுவதே ஒரு பாடமன்றோ?

இவ்வளவும் சொன்னபின், என் கருத்தின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். சர்வதேச உறவுகள் என்பது முதற் பட்டத்திலேயே தொடங்கித் தீரவேண்டிய துறையன்று. வைத்தியராக வேண்டுமாயின் உயர்தர வகுப்பிலிருந்தே அவ்வழியிற் செல்லவேண்டும். பாதை மாறினால் திரும்ப இயலாது. இத்துறையோ அப்படியன்று. வரலாறு, பொருளியல், சட்டம், புவியியல், மொழி எதனையும் கற்று, பின்னர் முதுநிலைப் பட்டத்தில் இதனுள் நுழையலாம். இன்னும் முக்கியமானது, முழுச் செலவையும் தாங்கும் புலமைப்பரிசில்கள் மிகுதியாக இருப்பது அந்த இரண்டாம் படியிலேதான். பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில், ஓராண்டு முதுநிலைப் படிப்பின் முழுச் செலவையும் கொடுக்கிறது. அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். 1952ஆம் ஆண்டு முதல் இலங்கையில் இயங்கிவரும் புல்பிரைட் ஆணைக்குழு, அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புக்கு உதவுகிறது. பொதுநலவாயப் புலமைப்பரிசில்களும் உண்டு. முதற்படியிற் கோடிகள் கேட்கும் உலகம், இரண்டாம் படியிற் தகுதியுடையோரைப் பணம் கொடுத்து அழைக்கிறது. ஐந்து ஆண்டு பொறுப்பவர் ஐந்து கோடி மிச்சப்படுத்துகிறார்.

இது வெறும் கற்பனையன்று. ஐக்கிய நாடுகள் சபையில் ஆயுதக் குறைப்புக்கான கீழ்நிலைச் செயலாளர் நாயகமாக 1998ஆம் ஆண்டு முதல் 2003ஆம் ஆண்டு வரை பணியாற்றியவரும், 1995ஆம் ஆண்டில் அணுவாயுதப் பரவற் தடை உடன்படிக்கையின் மீளாய்வு மகாநாட்டுக்குத் தலைமை தாங்கியவருமான ஜயந்த தனபால அவர்கள், பேராதனையில் ஆங்கில இலக்கியத்தையே சிறப்புப் பாடமாகக் கற்றார். வெளிநாட்டுச் சேவையிற் சேர்ந்தபின்னரே வாஷிங்டனிலுள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்திற் சர்வதேசக் கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்றார். இலங்கை வெளிநாட்டுச் சேவைக்கான போட்டிப் பரீட்சைக்கும் சர்வதேச உறவுகளிலேயே பட்டம் இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரு பட்டம் வேண்டும், பரந்த அறிவு வேண்டும், தெளிந்த எழுத்து வேண்டும். நம் பிள்ளைகள் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் மற்றொரு உலக மொழியையும் கற்றுக்கொண்டு அப்பரீட்சைக்குத் தோற்றவேண்டும். தமிழ் பேசும் பட்டதாரிகள் அந்த மேசைகளில் அமரவில்லையே என்று குறைபடுவோர், எத்தனை பேர் விண்ணப்பப் படிவம் வாங்கினர் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இங்கே ஒருவர் எழுந்து, “அப்படியாயின் கெட்டிக்காரப் பிள்ளையின் சிறகை நீரே வெட்டுகிறீரா? அமெரிக்கா போகவல்லவளை அரியாலையில் இருத்திவிடுவதா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் விடை இது: விண்ணப்பிப்பதை நான் தடுக்கவில்லை. மிகப் பெரிய இடத்துக்கும் விண்ணப்பிக்கட்டும். ஆனால் விண்ணப்பிக்கு முன்னரே, வீட்டார் ஒன்றாக அமர்ந்து, ஆண்டொன்றுக்கு நம்மால் இயன்ற உச்சத்தொகை இது என்று ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். அனுமதிக் கடிதம் கையில் வந்தபின் அந்தத் தாளை எழுத முடியாது. அப்போது பெருமை பேனாவைப் பிடித்துக்கொள்ளும். கடிதம் வந்ததும் தாளைப் பார்க்கட்டும். எஞ்சும் தொகை அதற்குள் அடங்கினால் மகிழ்ச்சியோடு அனுப்பட்டும். அடங்காவிடின், அந்தக் கடிதத்தைப் பிள்ளையின் திறமைக்குக் கிடைத்த சான்றாகப் பாதுகாத்துக்கொண்டு, திருநெல்வேலிக்கோ கொழும்புக்கோ அனுப்பட்டும். அது தோல்வியன்று, தள்ளிவைத்த பயணம்.

மற்றொன்றையும் மனம் நோகாமற் சொல்லவேண்டும். ஈடுவைத்தேனும் மகனை அனுப்பத் துணியும் சில வீடுகளில், மகளுக்குச் செலவின்றி வந்த புலமைப்பரிசிலையும் மறுக்கிறார்கள். இன்று கலைப்பிரிவில் பெருந்தொகையினர் பெண் பிள்ளைகள். தராசு ஒன்றானால் நிறையும் ஒன்றாகவே இருக்கவேண்டும். கணக்குப் பார்க்கச் சொல்வது பணத்தைக் காக்கவேயன்றி, பெண்ணைப் பூட்டிவைக்க அன்று.

இறுதியாக, உதவிப்பணம் என்பது அரசாங்கமும் அந்நிய பல்கலைக்கழகமும் மட்டும் தரவேண்டிய ஒன்றா? தென்னாபிரிக்காவின் டர்பன் நகரிலே 1941ஆம் ஆண்டில், தமிழ் வழிவந்த குடும்பமொன்றில், பஸ் சாரதி ஒருவரின் மகளாகப் பிறந்தவர் நவநீதம் பிள்ளை. நிறவெறி ஆட்சி நடந்த அந்நாட்டில், அவ்விடத்து இந்தியச் சமூகத்தவர் தம்முட் சேர்த்துக் கொடுத்த பணத்தினால் அவர் நேற்றால் பல்கலைக்கழகத்திற் பயின்றார். பின்னர் ஹாவார்டிற் சட்ட மேற்படிப்பு முடித்து, சர்வதேச நீதிமன்றுகளில் நீதிபதியாக இருந்து, 2008ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகராக விளங்கினார். அன்று சில்லறைக் காசு கொடுத்த அயலவர் எவரும் பரிசிற் குழுவொன்றின் அங்கத்தவர் அல்லர். ஆயினும் அவர்கள் செய்த தெரிவு எந்தக் குழுவின் தெரிவுக்கும் குறைந்ததன்று.

நம் ஊர்களிலும் சனசமூக நிலையங்கள் உள்ளன. பழைய மாணவர் சங்கங்கள் உள்ளன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் அவற்றின் கிளைகள் உள்ளன. அவை ஆண்டுதோறும் நல்ல உள்ளத்துடன் வழங்கும் பரிசில்கள் பெரும்பாலும் வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவானோரையே நாடிச் செல்கின்றன. கலைப்பீடத்துக்குத் தெரிவான ஒரு பிள்ளைக்கு, கொழும்பில் அறை வாடகைக்கெனவும் ஆங்கில வகுப்புக்கெனவும் மாதாந்தம் ஒரு சிறு தொகையை மூன்று அல்லது நான்கு ஆண்டு தவறாது கொடுக்க ஒவ்வொரு சங்கமும் முன்வந்தால், மகாபொலவுக்கும் உண்மைச் செலவுக்கும் இடையிலுள்ள பள்ளம் நிரம்பிவிடும். ஒருவரை அமெரிக்காவுக்கு அனுப்பும் ஓராண்டுச் செலவில், நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பலருக்கு இவ்வுதவியைச் செய்து முடிக்கலாம். அப்பிள்ளைகளுள் ஒருவர் நாளை ஓர் உடன்படிக்கை மேசையில் அமர்ந்து, நம் கடற்றொழிலாளியின் வலைக்காகவும், இடம்பெயர்ந்தவரின் காணிக்காகவும், அயல்நாட்டோடு நல்லுறவுக்காகவும் பேசக்கூடும்.

மாணவர்களே, உங்கள் ஆசையை உயர வையுங்கள். கணக்கை நிலத்தில் வையுங்கள். பெற்றோர்களே, இடம் கிடைக்குமோ என்று கேட்கும் அதே மூச்சில் எஞ்சும் செலவு எவ்வளவு என்றும் கேளுங்கள். அவ்விரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் எடுக்கும் முடிவு, அது எந்த ஊருக்கு இட்டுச்செல்வதாயினும், நல்ல முடிவாகவே இருக்கும்.